அழித்துக் கிடைத்த இடம்

அன்னாள் அந்தக் கம்ப்யூட்டரைத் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து வைப்பாள். துடைக்க மட்டும்தான் அவளுக்குத் தெரியும் என்று சொன்னால் அது அநியாயம். ஆனாலும் உண்மைக்கு ரொம்பத் தூரம் இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது அந்தக் காது மிஷின் சென்டர். முதலாளி மதுரையில் இருந்தார். இங்கே எல்லாம் அன்னாள்தான். யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பது, காதுக்கு அச்சு எடுப்பது, மிஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டிச் சத்தத்தை அளவாக வைப்பது, பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்குவது, போகும்போது கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவது. காது விஷயத்தில் அவளை ஒருவரும் ஏமாற்ற முடியாது. கம்ப்யூட்டர் விஷயத்தில் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம்.

கம்ப்யூட்டருக்கென்று ஆனந்த்ராஜ் இருந்தான். கோர்ட்டுப் பக்கத்து டைப்பிங் சென்டர்கள், இரண்டு பிரவுசிங் சென்டர்கள், இந்தக் காது மிஷின் சென்டர் எல்லாம் அவன் கையில்தான். கெட்டிக்காரன். தனக்குத் தெரியாதது ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மட்டும் அவனுக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவில் ஒரு நிமிடம் எண்ணிவிட்டுத் தானாக அணைந்து அணைந்து எரிகிறது என்று அன்னாள் புகார் சொல்லியிருந்தாள். வைரஸ் என்றான். ஒரு சிடியைப் போட்டு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு ஏதோ பெரிய அப்டேட் ஏற்றினான். ஒன்றரை மணி நேரம் ஓடியது. அதன்பிறகு அணையவில்லை. மிஷினுக்கு அளவு வைக்க யாரும் வராததால் அந்த வாரம் நல்லபடியாகத்தான் போனது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம், மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. ஆத்தூரிலிருந்து மாயம்மாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். ஐந்து வயது முடிந்த பிள்ளையை இடுப்பில் தூக்க வேண்டியதில்லைதான். ஆனால் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் பின்னால் வருகிற வண்டி தெரியாதே என்று ஆரம்பித்த பழக்கம், காது கேட்க ஆரம்பித்த பிறகும் விட்டபாடில்லை. பிள்ளையின் பெயர் தமிழ்மதி. வீட்டில் மதி.

மதிக்குப் பிறவியிலிருந்தே கேட்காது. இரண்டு வயதில்தான் கண்டுபிடித்தார்கள். ஏதோ ஒரு முகாமில் கழுத்தில் தொங்கவிடுகிற பெட்டி மிஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் போட்டாலே பிள்ளை வீறிட்டு அழுதது. போன கார்த்திகையில்தான் அப்பன் மொக்கைச்சாமி, கறவை மாட்டை விற்றுவிட்டு வந்து, காதுக்குப் பின்னால் உட்காருகிற டிஜிட்டல் மிஷினை ஒரு காதுக்கு மட்டும் வாங்கினான். அன்னாள்தான் அளவு வைத்தாள். வாரம் இரண்டு நாள் வரச்சொல்லி, கண்ணாடி முன்னால் உட்காரவைத்துப் பேச்சுப் பழக்கினாள். தை மாதம் ஒருநாள், அன்னாள் பின்னால் நின்று "மதி" என்று கூப்பிட்டபோது பிள்ளை திரும்பிப் பார்த்தது. மாயம்மாள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா, பூ, தா, மாத்து என்று ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"டீச்சர், எங்க ஊரு பள்ளிக்கொடத்துல திங்கக்கெழம பத்து மணிக்கு வரச் சொல்லிருக்காக" என்றாள் மாயம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டே. அன்னாளை அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். "பெரிய டீச்சரு சொல்லிட்டாக. பின்னாடி நின்னு மூணு தடவ பேரு சொல்லிக் கூப்புடுவாகளாம். திரும்புனா ஒண்ணாப்புல சேத்துக்குவாகளாம். இல்லையின்னா திருச்சிப் பக்கம் காது கேக்காத பிள்ளைகளுக்கு ஆஸ்டலோட ஒரு பள்ளிக்கொடம் இருக்காம்ல, அங்க கொண்டுபோயி விடச் சொல்றாக."

"அதான் திரும்புறாளே மாயம்மா. என்ன பயம்?"

"திரும்புறா. ஆனா அங்க பிள்ளைக சத்தம் அம்புட்டு இருக்கும்ல. கொஞ்சூண்டு கூட்டி வச்சுருங்க டீச்சர். ஒரு பொட்டு." அவள் விரல் நுனியைக் காட்டினாள். "ஆஸ்டலுக்குப் போனா தீவாளிக்கும் பொங்கலுக்குந்தான் பாக்க முடியும். இப்பத்தான் அம்மாங்குறா."

அளவு சரியாக இருந்தது. ஒரு பொட்டும் கூட்ட வேண்டியதில்லை என்று அன்னாளுக்குத் தெரியும். தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெரிய டீச்சர் வாயைத் திறக்கும்போதே பிள்ளை வெடுக்கென்று திரும்ப வேண்டும், இது யார் வேலை என்று அந்தம்மா கேட்க வேண்டும் என்கிற ஆசை அன்னாளுக்கும் உள்ளே இருந்தது. ஆசை எல்லோருக்கும் இருப்பதுதானே. "ரெண்டு படி கூட்டித் தர்றேன், உக்காருங்க" என்றாள்.

மதியின் காதிலிருந்து மிஷினைக் கழற்றி, மெல்லிய வயரை மாட்டி, மேஜை மேலிருந்த சின்னப் பெட்டியில் செருகினாள். அந்தப் பெட்டிதான் கம்ப்யூட்டர் சொல்கிறதை மிஷினுக்குக் கொண்டுபோகும். கம்ப்யூட்டரில் புரோகிராமைத் திறந்தாள். திறக்கவில்லை. டிஸ்க்கில் இடம் இல்லை, இருநூறு எம்பியாவது காலி செய்தால்தான் வேலை நடக்கும் என்று ஒரு கட்டம் வந்து நின்றது.

அன்னாள் ஆனந்த்ராஜுக்கு போன் அடித்தாள். அவன் தாடிக்கொம்பில் அக்கா பிள்ளையின் காதுகுத்தில் இருந்தான். பின்னால் ரேடியோ செட் அலறியது.

"இடம் இல்லங்குதா? இருக்காதுக்கா. அது பழைய காலத்து டிஸ்க்கு. போன வாரம் போட்ட அப்டேட்டு பூராத்தையும் அடச்சுக்கிருச்சு" என்றான். "ஒண்ணும் கவலப்படாதீங்க. நான் சொல்றத அப்படியே செய்யுங்க. சி டிரைவ் போங்க. சிஸ்டம் ஃபோல்டர் இருக்கா? அதுக்குள்ள நீலக் கலர் எழுத்துல, டாலர் குறி போட்டு ஃபோல்டர் இருக்கும் பாருங்க."

"இருக்கு தம்பி. நீளமா பேரு போட்டு ஒண்ணு இருக்கு."

"அதேதான். பழைய ஃபைலயெல்லாம் மூட்ட கட்டி அதுக்குள்ள வச்சுருக்கும். நமக்கு அது வேணாம். தூக்கிருங்க."

"தூக்குனா ஒண்ணும் ஆயிராதே?"

"நான் எத்தன எடத்துல தூக்கிருக்கேன். கோர்ட்டுப் பக்கம் வந்து கேட்டுப் பாருங்க."

அன்னாள் தூக்கினாள். காகிதம் பறந்து பறந்து ஒரு கூடைக்குள் விழுகிற படம் கொஞ்ச நேரம் ஓடியது. மறுபடி புரோகிராமைத் திறந்தாள். அதே கட்டம். "இடம் கூடலயே தம்பி" என்றாள்.

"ரீசைக்கிள் பின்ல கெடக்கும்க்கா. குப்பத்தொட்டிக்குள்ள கெடந்தாலும் வீட்டுக்குள்ளதான கெடக்கு. அதையும் காலி பண்ணுங்க."

நிரந்தரமாக அழிக்கப் போகிறாய், நிச்சயம்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. கம்ப்யூட்டர் என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிப் பழகியவள் அன்னாள். இதற்கும் ஆமாம் சொன்னாள். ஒரு நிமிடத்தில் டிஸ்க்கில் அறுநூறு எம்பி காலியாகிவிட்டது. பரணை ஒழித்துக் கூட்டித் தள்ளிய நிம்மதி வந்தது அவளுக்கு. ஆனந்த்ராஜுக்கு நன்றி சொல்லி, சாப்பிடப் போப்பா என்று போனை வைத்தாள்.

இப்போது புரோகிராம் திறந்தது. மதியின் பெயர் வந்தது, மிஷினில் இருக்கிற பழைய அளவு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அன்னாள் இரண்டு படி ஏற்றி, மிஷினுக்குள் எழுது என்று தட்டினாள். பச்சைக் கோடு ஒன்று நகர ஆரம்பித்தது. பாதிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. நின்ற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடர்பு அறுந்துவிட்டது என்று கட்டம் வந்தது. மூடித் திறந்தாள். மிஷின் எதுவும் மாட்டப்படவில்லை என்றது. வயரைப் பிடுங்கி ஊதி மாட்டினாள். மிஷின் எதுவும் மாட்டப்படவில்லை. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். அப்போதும் அதையேதான் சொன்னது.

மிஷினைக் கழற்றிப் பிள்ளை காதில் மாட்டிவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"மதி."

பிள்ளை மேஜை மேலிருந்த ரப்பர் வாத்தின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தது. அன்னாள் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். பிறகு கத்தியே கூப்பிட்டாள். கீழே மருந்துக்கடையில் நின்றவர்கள்கூட அண்ணாந்து பார்த்திருப்பார்கள். மதி திரும்பவில்லை. மாயம்மாள் மட்டும் சிரித்த முகம் மாறாமல், "இன்னும் ஆன் பண்ணலயா டீச்சர்?" என்று கேட்டாள்.

மறுபடி போன். ஆனந்த்ராஜ் பந்தியில் இருந்தான். கேட்டுவிட்டு, "பதறாதீங்கக்கா" என்றான். "புது அப்டேட்டுக்கும் மிஷின மாட்டுற அந்தப் பழைய பெட்டிக்கும் ஒத்துக்கிரல. படிக்கிறது படிச்சிருக்கு, எழுதுறப்ப நடுவுல விட்ருச்சு. அம்புட்டுதான். அப்டேட்டக் கழட்டிட்டா பழையபடி ஆயிரும். பெட்டி வேல செய்யும், மறுபடி எழுதுனா மிஷினும் உசுரு வந்துரும். கண்ட்ரோல் பேனல் போங்க. அப்டேட் பேரு இருக்கும், பக்கத்துல ரிமூவ்னு இருக்கும், தட்டுங்க."

தட்டினாள். கட்டம் வந்தது. அன்னாள் அதைப் போனிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தாள். பழைய ஃபைல்கள் இருந்த ஃபோல்டரைக் காணவில்லை, ஆகையால் இந்த அப்டேட்டைக் கழற்ற முடியாது என்று இருந்தது.

அந்தப் பக்கம் பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரோ ரசம் ரசம் என்று கூவிக்கொண்டு போவது மட்டும் கேட்டது.

"அந்த ஃபோல்டரு..." என்றான் ஆனந்த்ராஜ்.

"நீதானப்பா தூக்கச் சொன்ன."

"பின்ல கெடக்கும்ல, எடுத்து..."

"அதையும் நீதான சொன்ன."

"ஆமா" என்றான். மறுபடியும், "ஆமாக்கா" என்றான்.

அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். கைகூடச் சரியாகக் கழுவவில்லை, விரலில் குழம்பு வாசம் அடித்தது. அவனைத் திட்ட வேண்டும் என்று அன்னாள் நினைத்து வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அழித்த ஃபைலை மீட்கிற சிடி ஒன்று கொண்டுவந்திருந்தான். போட்டு ஓடவிட்டான். அழித்த இடத்தில் புரோகிராம் ஏற்கெனவே தன்னுடைய ஃபைல்களை எழுதியிருந்தது. பாதி வந்தது, பாதி வரவில்லை, வந்ததும் திறக்கவில்லை. கம்ப்யூட்டரை மொத்தமாக அழித்துப் பழைய சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்றான். போட்டால் காது மிஷின் புரோகிராமின் சிடி வேண்டும். அது மதுரையில் முதலாளியின் பீரோவில். பீரோச் சாவி முதலாளியோடு கேரளாவில். முதலாளிக்கு போன் போட்டார்கள். புதன்கிழமை வருவேன், எதற்கும் மிஷினைச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பிவிடு, பத்து நாளில் சரிசெய்து தருவார்கள், இதற்கா இத்தனை கலவரம் என்றார். வேறு கம்பெனிக்காரர்களுடைய சென்டர் ஒன்று ஊரில் இருந்தது. அவர்களுடைய புரோகிராமுக்கு இந்த மிஷினின் பாஷை தெரியாது.

அன்னாள் அலமாரியை உருட்டி ஒரு பழைய பெட்டி மிஷினைத் தேடி எடுத்தாள். திங்கட்கிழமைக்கு மட்டும் இது போதுமே என்று கழுத்தில் மாட்டி, வயரைக் காதில் செருகி, திருகைக் கொஞ்சமாகத் திருகினாள். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள். மதி உதட்டைப் பிதுக்கியது. இன்னும் கொஞ்சம். பிள்ளை வீறிட்டு வயரைப் பிய்த்து எறிந்துவிட்டு அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மூன்று தடவை முயற்சி செய்தார்கள். நாலாவது தடவை பெட்டியைக் கையில் எடுத்ததுமே அழுகை.

"மாயம்மா, என் மேலதான் தப்பு" என்றாள் அன்னாள். ஃபோல்டரில் ஆரம்பித்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தொட்டிருக்கவே கூடாது என்றாள். மாயம்மாள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அழித்தது என்ன, எங்கே இருந்து அழித்தது, அதற்கும் பிள்ளையின் காதுக்கும் என்ன சம்பந்தம் என்பதெல்லாம் அவளுக்கு விளங்கவில்லை. "மிஷின் கெட்டுப்போறதுக்கு நீங்க என்ன செய்வீங்க டீச்சர்" என்றாள். தப்பை ஒப்புக்கொள்ளக்கூட முடியாமல் அன்னாள் நின்றாள். நான் செய்தது என்று எத்தனை தரம் சொன்னாலும் வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆளில்லை.

மிஷினைச் சென்னைக்கு அனுப்பலாம் என்று கையை நீட்டியபோதுதான் மாயம்மாள் தயங்கினாள். "திங்கக்கெழம வரைக்கும் காதுலயே இருக்கட்டும் டீச்சர். ஒருவேள கேட்டுட்டா?" கேட்காது என்று அன்னாளுக்குத் தெரியும். மாட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலில் நின்றாள். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அந்த ஃபோல்டரைத் திருப்பிக் கொடு என்று மாதாவிடம் எப்படிக் கேட்பது? பூசை முடிகிறவரைக்கும் சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஆத்தூர் பஸ் ஏறினாள். கையில் சென்டரின் லெட்டர்பேடில் எழுதிய கடிதம் இருந்தது. இந்தக் குழந்தைக்குக் கருவியோடு நன்றாகக் கேட்கும், கருவி பழுது, பதினைந்து நாளில் சரியாகிவிடும், பழுதுக்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியிருந்தாள். பள்ளிக்கூட வாசலில் மொக்கைச்சாமியும் மாயம்மாளும் நின்றார்கள். மதிக்குப் புதுப் பாவாடை சட்டை, தலை நிறையத் தோட்டத்து மல்லிகை. அன்னாளைப் பார்த்ததும் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது.

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. அன்னாளுக்கு நாற்காலி போடச் சொன்னார், கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "நான் நம்புறேம்மா" என்றார். "நான் நம்பி என்ன செய்ய? ஒரு வகுப்புல அறுபது பிள்ளைக. நேர்ல பாத்துட்டுத்தான் எழுதணும்னு கமிட்டியில சொல்லிருக்காங்க. இன்னியோட லிஸ்ட்டு முடியுது. கூப்புட்டுப் பாப்போம். கொஞ்சம் திரும்பினாலும் போதும், எழுதிருவேன்."

பிள்ளையைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார்கள். மொக்கைச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். பெரிய டீச்சர் பின்னால் நான்கடி தள்ளி நின்று, "தமிழ்மதி" என்றார். சுவரில் பழங்களின் படம் மாட்டியிருந்தது. மதி வாழைப்பழத்தைத் தொட்டுப் பார்த்தது. "தமிழ்மதி." இரண்டாவது தடவை அவர் ஓர் அடி முன்னால் வந்திருந்தார், குரலும் கூடியிருந்தது. மூன்றாவது தடவை கூப்பிடுவதற்கு முன் அவர் அன்னாளைப் பார்த்தார். கூப்பிடாமல் விட்டுவிடலாமா என்று கேட்கிற பார்வை. அன்னாள் குனிந்துகொண்டாள். "மதிம்மா" என்றார் பெரிய டீச்சர், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. பழங்களைப் பார்த்து முடித்துவிட்டுப் பிள்ளை பக்கத்திலிருந்த காய்கறிப் படத்துக்குப் போனது.

பெரிய டீச்சர் லிஸ்ட்டை மூடிவிட்டு, விடுதிப் பள்ளிக்கூடத்தின் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "ஜூன் பதிமூணுக்குள்ள போயிருங்க. அங்கயும் எடம் நெரம்பிரும்" என்றார். மொக்கைச்சாமி காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றார்கள். "நாந்தான டீச்சர்" என்றாள் மாயம்மாள். "நல்லா இருந்தத நாந்தான கூட்டச் சொன்னேன்." அவள் சத்தமில்லாமல் அழுதாள். இல்லை, நான் என்று சொல்ல அன்னாள் வாயெடுத்தாள். அப்போது யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். மதிதான்.

அம்மா அழுகிறாள், டீச்சர் முகமும் சரியில்லை, தன் காதும் மூன்று நாளாகக் கேட்கவில்லை. பிள்ளைக்கு விஷயம் விளங்கிவிட்டது. காதுக்குப் பின்னாலிருந்த மிஷினைத் தானே கழற்றியது. அம்மா செய்கிறதைப் பார்த்துப் பழகியிருந்ததால், நகத்தால் சின்னக் கதவைத் திறந்து, உள்ளேயிருந்த பொத்தான் பேட்டரியைக் கீழே தட்டிவிட்டது. இப்படி எத்தனையோ தரம் நின்றுபோயிருக்கிறது. ஒவ்வொரு தரமும் அம்மாவோ டீச்சரோ புதுப் பேட்டரி போட்டதும் கேட்டிருக்கிறது. மிஷினை உள்ளங்கையில் வைத்து அன்னாளிடம் நீட்டியது.

"மாத்து" என்றது.

அன்னாளின் பையில் பேட்டரி இருந்தது. ஒன்றை எடுத்து, மேல் காகிதத்தை உரித்து, மிஷினுக்குள் போட்டுக் கதவை மூடினாள். பிள்ளையின் காதில் சரியாக மாட்டிவிட்டாள். மதி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சிரித்துக்கொண்டு, அன்னாள் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தது.